பால்கனியில் ஒரு முடிவெட்டு

எதிர்வீட்டு வாத்தியார் பழைய பெட்ஷீட்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, பால்கனியில் மூச்சை அடக்கி உட்கார்ந்திருக்கிறார். வேவு பார்ப்பது என் வழக்கமில்லை. துணி மடிக்க இந்த ஜன்னலோரத்தில்தான் வெளிச்சம் நன்றாக இருக்கிறது. செலவைக் குறைக்கிறார்களாம். வெளிச்சாப்பாடு போயிற்று, வாடகைக் கார் போயிற்று, இன்று சலூனும் போகிறது. தையற்கடை வைத்திருக்கும் அவர் மனைவி, தோளில் இன்ச் டேப் தொங்க, அவர் காதுக்குப் பின்னால் சாக்கட்டியால் கோடு போடுகிறாள். காலை வெயிலில் கத்தரிக்கோல் மின்னுகிறது. "நாளைக்கு ஸ்கூல்ல குரூப் போட்டோடி. வருஷம் பூரா சுவத்துல தொங்கும்," என்கிறார் பரிதாபமாக. "கல்யாணத் துணியே என்னை நம்பிக் குடுக்குறாங்க, உங்க தலை என்ன பெரிய தலை? ஆடாதீங்க." கிரிச் கிரிச்சென்று சத்தம்தான் பலமாகக் கேட்கிறது, தரையில் விரித்த பேப்பரில் முடி விழக் காணோம். ஒருவழியாகக் கண்ணாடியை நீட்டுகிறாள். அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்க்கிறார், பிறகு மற்றதையும். "என்னடி, வெட்டின மாதிரியே தெரியலையே?" "எதை வெட்டினாலும் ரெண்டு விரல் கூடவே விட்டுத்தான் வெட்டுவேன். பின்னாடி பத்தலைன்னா பிரிச்சு விடவேணாமா?" "என் தலையையா பிரிச்சு விடுவ?" அவளுக்கும் அப்போதுதான் உறைக்கிறது. நாக்கைக் கடித்துக்கொண்டு கத்தரிக்கோலை மறுபடி எடுக்கிறாள். வாத்தியார் பெட்ஷீட்டோடு துள்ளி எழுந்து, பழைய முடி பழையபடியே இருப்பதைத் தடவித் தடவிப் பார்த்துப் பூரித்துப்போகிறார். "போதும் தாயே, பிரமாதம்! இனிமே மாசாமாசம் உன்கிட்டதான்."