அறுபத்து நான்கு பேர்

ஏழாம் எண் ஸ்கேனில் இருந்த மூளையை அவள் ஏற்கெனவே பார்த்திருந்தாள்.

இருபத்து மூன்றாம் எண்ணிலும் அதே மூளைதான். இடப்பக்கம், காதுக்கு மேலே, பட்டாணி அளவில் ஒரு நீர்க்கட்டி. ஒன்றும் செய்யாது. பிறவியிலிருந்தே சிலருக்கு இருக்கும்.

முப்பத்தொன்பதிலும் இருந்தது. ஐம்பத்தைந்திலும்.

ஸ்கேன் அறைப் பதிவேட்டை வாங்கி வந்து புரட்டினாள். நான்கு எண்களுக்கும் ஒரே பெயர். சவரிமுத்து, பஸ் கண்டக்டர். திக்குவாய்க்குப் பேச்சுப் பயிற்சி எடுக்க வந்தவர். மாதம் ஒரு முறை, நான்கு மாதம், ஸ்கேன் இயந்திரத்தின் குழாய்க்குள் படுத்திருக்கிறார். பெயர் வெளியே தெரியக் கூடாதென்று ஒவ்வொரு முறையும் ஒரு புது எண் கொடுத்திருக்கிறார்கள்.

புது எண் என்றால் புது ஆள். கம்ப்யூட்டர் அப்படித்தான் எடுத்துக்கொண்டது. கணக்குப் போட்ட அவளும்தான்.

மற்றவர்களுக்கும் இதேபோல ஆளுக்கு நான்கு எண்கள். வந்தவர்கள் பதினாறு பேர். அவள் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் அறுபத்து நான்கு பேர்.

ஒரே ஆள் நான்கு முறை கூண்டில் ஏறினால் நான்கு சாட்சி ஆகிவிடுமா? ஆறு வருடம் படித்து என்னத்தைக் கிழித்தாய் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

எந்த ஸ்கேன் யாருடையது என்று கம்ப்யூட்டருக்குச் சரியாகச் சொல்லி, கணக்கைத் திரும்ப ஓட்டினாள்.

யாருக்குப் பயிற்சி பலிக்கும், யாருக்குப் பலிக்காது என்று ஸ்கேனைப் பார்த்தே சொல்லிவிடலாம். அதுதான் கட்டுரை. அதற்கு ஆதாரமாக மூளைப் படத்தில் ஒரு சிவப்புப் பகுதி இருந்தது.

இப்போது அது இல்லை. படம் முழுக்கச் சாம்பல்.

பேராசிரியர் பலராமன் அவள் நீட்டிய தாளைத் தொடவே இல்லை. அவளுடைய வழிகாட்டி அவர். அவர் கையெழுத்துப் போடாமல் அவளுக்குப் பட்டம் கிடையாது. கட்டுரையோ ஆய்வு இதழுக்குப் போய், ஏற்கப்படும் தறுவாயில் இருந்தது.

"சார், வந்தது பதினாறு பேருதான் சார். தப்பு என்னோடதுதான்."

"அறுபத்து நாலுன்னு ஊரெல்லாம் பேசிட்டு வந்திருக்கேன். நீ இப்ப வந்து எனக்கு எண்ணச் சொல்லித் தர்றியா?"

லேபில் இருந்த நான்கு பேரும் தலை நிமிரவில்லை. நேற்று வரை அவள் டிபன் பாக்ஸில் கை வைத்துச் சாப்பிட்டவர்கள்.

தப்பு செய்தவளே தப்பு என்கிறாள். அதையும் ஒத்துக்கொள்ளாத மனிதரை என்ன செய்வது? அவர் முகத்தைப் பார்க்கவே அவளுக்கு வெறுப்பாக இருந்தது.

"பேப்பர்லேர்ந்து உன் பேரை எடுத்துடறேன். உன் மனசாட்சிக்கு நிம்மதி, எனக்கும் நிம்மதி. தீசிஸ் கையெழுத்தைப் பத்தி அப்புறம் பாத்துக்கலாம். போ."

மாலைக்குள் லேப் கம்ப்யூட்டரில் அவளுடைய பாஸ்வேர்டு வேலை செய்யவில்லை.

மறுநாள் காலை இதழிலிருந்து அவளுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது.

அது அவர்களுடைய வழக்கம். அனுப்பிவிட்ட கட்டுரையிலிருந்து ஒருவர் பெயரை எடுப்பதென்றால், எடுக்கப்படுகிறவரையும் கேட்பார்கள். பேராசிரியருக்கு இது தெரியாமல் இருக்காது. கோபத்தில் மறந்திருப்பார். இல்லையென்றால், இவள் என்ன செய்துவிடப் போகிறாள் என்று நினைத்திருப்பார்.

உங்கள் பெயரை நீக்கச் சம்மதமா?

ஆம் என்று ஒரு கட்டம். இல்லை என்று ஒரு கட்டம். கீழே, காரணம் எழுத ஒரு பெட்டி.

ஒன்றும் எழுதாமல் விட்டால் பட்டத்துக்கு இன்னும் வழி இருக்கிறது. காலில் விழுந்தால் அவர் இறங்கி வருவார். ஆறு வருடம். நினைக்க நினைக்க அழுகை வந்தது.

ஆம் என்பதை அழுத்தினாள்.

பெட்டிக்குள் இத்தனை சொற்கள்தான் எழுதலாம் என்று வரம்பு எதுவும் போட்டிருக்கவில்லை.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.