ஊதா மைக்கு அடியில்

ஓய்வூதிய அலுவலகம் ஒன்றில் மனுக்களை வாசிக்கப் புதிய மென்பொருள் வந்தது. அது சொதப்பினால் உதவும் என்று பழையதையும் அணைக்காமல் ஓரமாக விட்டு வைத்திருந்தார்கள். ஒரு தாளாவது தன்னிடம் வராதா என்று பழையது ஏங்கிக் கிடந்தது.

ஒருநாள் புதியது திணறியது.

"அக்கா, பேரு மேலேயே முத்திரை குத்தியிருக்காங்க. படிக்க முடியலை."

இதற்காகத்தானே பழையது காத்திருந்தது! வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், தாள் தன்னிடம் வந்துவிடும். ஆனால் அதுவரை மனு நின்றுபோகுமே.

"ஊதா மையை விட்டுடு. அடியில நீல மையை மட்டும் பாரு."

"தெய்வானை!" என்று பேரைப் படித்தது புதியது.

பொறியாளர் யாகப்பன் மலர்ந்த முகத்தோடு வந்தார். "இதையே படிச்சிடுச்சா! இனி பழசு எதுக்கு?"

"தங்கச்சி, நான் மனு படிச்ச காலத்துலயே தெய்வானையம்மா கையெழுத்து நடுங்கும், இன்னும் நடுங்குதா?" பழையது அவசரமாகக் கேட்டது.

புதியது பதில் சொல்வதற்குள் அவர் பழையதை அணைத்துவிட்டார்.