மறுபடியும் அழிஞ்சுபோச்சு

“மறுபடியும் அழிஞ்சுபோச்சும்மா.”

கஸ்தூரிரங்கன் அந்தப் பழைய வீடியோ கேமைக் கண்ணாடி மேஜை மேல் வைத்ததும் கவியாவுக்குச் சுள்ளென்று வந்தது. பெரியவரைப் பார்த்தால் பாவமாக இருந்தது. கோபமெல்லாம் அவர் வீட்டு மாமி மேல்தான்.

“இன்னா சார் இது! போன வாரம்தான உக்காந்து எல்லாத்தையும் ஏத்தினீங்க?”

“ருக்மிணி எதையோ அமுக்கிட்டா போலிருக்கு. படமும் இல்லை, உபன்யாசமும் இல்லை. பிளேயரையே காணோம்.”

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் கவியாவின் மொபைல் சர்வீஸ் கடை. பெரியவர் திருக்கழுக்குன்றத்திலிருந்து பஸ் பிடித்து வருவார். கல்பாக்கத்தில் வரைபடம் போடும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து, கால் ஒருவாறு தேறிவிட்டது. வலது கைதான் இன்னும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

கையில் பிடித்து ஆடும் அந்த வீடியோ கேம், அவர் மகன் ஜெயந்த் காலேஜில் படித்தபோது வாங்கியது. பரணில் கிடந்ததைத் தேடி எடுத்து, “ருக்மிணி பார்க்கணும், இதுல படம் ஓடணும்” என்று முதல் தடவை வந்து நின்றபோதே கவியா சொல்லிப் பார்த்தாள்.

“சார், இது கேம் ஆடறதுக்கு. படம் ஓட்டணும்னா முதல்ல கம்பெனி போட்ட பூட்டைத் திறக்கணும். அப்புறம் யாரோ ஆர்வத்துல எழுதி நெட்ல சும்மா குடுத்திருக்கிற பிளேயரை ஏத்தணும். ரொம்ப பேஜாரு. பேசாம போன்ல பாக்கச் சொல்லுங்க.”

“போன் இருக்கு. தொட்டா எங்கேயோ போயிடறதாம். பட்டன் வச்சதுதான் வேணுங்கறா.”

“சரி, குடுங்க. டீ குடிச்சிட்டு வாங்க, பண்ணி வச்சிடறேன்.”

“இல்லைம்மா. நீ சொல்லு, நான் பண்றேன். ‘கடைக்காரப் பொண்ணு பண்ணிக் குடுத்தா நாளைக்கு யார் பண்ணுவா, நீங்களே கத்துண்டு வாங்கோ’ன்னுட்டா.”

இப்படியும் ஒரு பெண்டாட்டியா என்று அன்றைக்கே நினைத்தாள் கவியா.

இன்றும் பெரியவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஃபோல்டருக்குப் பெயர் கொடுக்க, திரையில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடிப் போய் அமுக்க வேண்டும். ஓர் எழுத்து பிசகினாலும் பிளேயர் திறக்காது. கீழே போக அமுக்கினால் விரல் பக்கத்துப் பட்டனில் விழும். திரும்பவும் முதலிலிருந்து.

ரீசார்ஜுக்கு வந்த ஒருவன், “தாத்தா சூப்பரா கேம் ஆடறாரு போல!” என்று சிரித்தான்.

பெரியவர் நிமிரவில்லை. நெற்றியில் வேர்வை வழிந்தது.

“கல்யாணம் ஆன நாளா அவ எங்கிட்ட எதையும் கேட்டதில்லைம்மா,” என்றார் மெதுவாக. “இதைத்தான் கேட்டிருக்கா.”

கடைசியில் படம் ஓடியது. முகமெல்லாம் சிரிப்பாக, அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

கவியாவுக்கு மனசு ஆறவில்லை. மாமியிடம் நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று, பெரியவர் கொடுத்து வைத்திருந்த மாமியின் செல் நம்பருக்கு அடித்தாள்.

“மாமி, நான் செங்கல்பட்டு கவியா பேசறேன்...”

பட்டென்று கட்டானது. அடுத்த நொடி அந்த நம்பரிலிருந்தே வீடியோ கால் வந்தது. திரையில் ருக்மிணி மாமி. போனைச் சமையல் மேடையில் வாகாகச் சாய்த்து வைத்துவிட்டு, கறிகாய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

“குரல் சரியா கேக்கலை. அதான் வீடியோல வந்தேன். சொல்லும்மா.”

கவியா ஒரு கணம் திகைத்தாள். மாமிக்குப் போனைக் கையாள வராது என்றாரே பெரியவர்! ஆனாலும் வந்த கோபத்தை அடக்க முடியவில்லை.

“தப்பா எடுத்துக்காதீங்க மாமி. கை சரியில்லாத மனுசன். பஸ் ஏறி வந்து, வேர்த்து விறுவிறுத்து, ஒவ்வொரு பட்டனா அமுக்கிக் கஷ்டப்பட்டுகினு கீறாரு. நீங்க இன்னாடான்னா, போட்டு அனுப்ப அனுப்ப அழிச்சிடறீங்க. உங்களுக்கே நல்லா கீதா?”

மாமி கத்தியைக் கீழே வைத்தார்.

“அவர் கிளம்பிட்டாரா? பக்கத்துல இல்லையே?”

“போயிட்டாரு.”

மாமியின் குரல் தாழ்ந்தது. “கைக்குப் பயிற்சி குடுக்க வந்தவரை வாசலோட திருப்பி அனுப்பிட்டார். டாக்டர் அமுக்கச் சொன்ன ரப்பர் பந்தைத் தெருவுல வீசினார். ‘நான் என்ன குழந்தையா?’ன்னு ஒரே கத்தல். அப்புறம் மூலையில உட்கார்ந்துட்டார். பேச்சே கிடையாது. இப்பவே விரலை வேலை வாங்கலைன்னா அப்படியே நின்னுபோயிடும்னுட்டார் டாக்டர்.”

பெரியவர் உட்கார்ந்திருந்த ஸ்டூலிலேயே கவியா உட்கார்ந்தாள்.

“அவருக்குன்னா எதையும் பண்ணிக்க மாட்டார்ம்மா. எனக்குன்னு கேட்டா பண்ணுவார். அதான் பட்டன் வச்சது வேணும்னு கேட்டேன்.”

“அப்ப அழிச்சதெல்லாம்...”

“வேணும்னேதான். இன்னிக்குக் காலம்பற சட்டைப் பட்டனை அவரே போட்டுண்டார், தெரியுமோ? நான் பார்க்காத மாதிரி உள்ளே போயிட்டேன். அழுகை வந்துடுத்து.”

கவியா முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாமி அங்கே வாசல் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, போனுக்கு நெருங்கி வந்தார்.

“ஒண்ணு சொல்லும்மா. பிளேயர் போடறது அவருக்குப் பழகிண்டே வர்றது. அடுத்த தடவை இன்னும் கஷ்டமா எதை அழிக்கட்டும்?”