வசவும் கையெழுத்தும்

"உங்களத் தெரிஞ்சவங்க ஒருத்தரு இந்த எடத்துல கையெழுத்துப் போடணும்மா. அவருக்கு இந்த பேங்குல கணக்கு இருக்கணும். அப்பத்தான் உங்களுக்குக் கணக்கு ஆரம்பிக்க முடியும்."

அந்த வாரத்துல மூணாவது தடவையா நான் இதைச் சொல்றேன். அந்தம்மாவும் மூணாவது தடவையாத் தலையாட்டுச்சு. பேரு சந்திரவல்லி. சிலோன்லருந்து திரும்பி வந்து எட்டு மாசம் ஆச்சு. போடிமெட்டுக்கு மேல ஒரு ஏலத்தோட்டத்துல களை வெட்டுது. ஜீப்பு பிடிச்சுக் கீழ எறங்குனா அன்னைக்குக் கூலி போச்சு.

"எனக்கு இங்க யாரைங்கய்யா தெரியும்? நான் பொறந்தது வளர்ந்தது எல்லாம் அக்கரையில. எங்கப்பாதான் ராசிங்காபுரத்துல பொறந்தாரு. அவரும் அங்கேயே மண்ணுக்குள்ள போயிட்டாரு."

இது நடந்தது எழுபத்தாறுல. நான் போடியில பேங்கு கிளார்க்கா இருந்த காலம். அப்பல்லாம் வெள்ளிக்கிழமை வியாபாரிங்க கட்டுற ரூபா நோட்டே ஏலக்காய் மணக்கும். வீட்டுக்குப் போனா என் சட்டையும் மணக்கும். அதை நெனைச்சா இன்னைக்கும் ஏக்கமாத்தான் இருக்கு.

சந்திரவல்லி கையில மறுவாழ்வு ஆபீசு உத்தரவு இருந்துச்சு. பெட்டிக்கடை வைக்கக் கடன். அன்னைக்குச் சாயந்தரத்துக்குள்ள பேங்குக் கணக்கு நம்பரைக் கொடுக்கலேன்னா உத்தரவு ரத்து. வீட்டுக்காரருக்கு மலைக்குளிர் ஒத்துக்கல, நெஞ்செல்லாம் சளி. கீழ கொண்டு வந்தாத்தான் ஆளு தேறும்னு டாக்டரு சொல்லிட்டாராம். கீழ வந்து பிழைக்க அந்தக் கடை ஒண்ணுதான் வழி.

நானே கையெழுத்தைப் போட்டுத் தொலைச்சிருப்பேன். பேங்குக்காரங்க போடக்கூடாது. வெளியாளு போடலாம்னா, போன மாசம் ஒரு டீக்கடைக்காரரு முகந்தெரியாத நாலு பேருக்குப் போட்டு மாட்டிக்கிட்டாரு. அதுலருந்து எங்க மேனேஜரு, போடுறவரைக் கூப்பிட்டு நிப்பாட்டி, எப்பிடித் தெரியும், எத்தனை வருசமாத் தெரியும்னு கொடைஞ்சு எடுத்துருவாரு. சந்திரவல்லி கேட்டுப் பார்த்த ரெண்டு பேரும் அதுக்குப் பயந்துதான் நழுவிட்டாங்க.

அப்பத்தான் கோட்டைச்சாமி உள்ள வந்தாரு. ராசிங்காபுரத்துக்காரரு. எங்க பேங்குல பழைய கணக்கு. ஆளும் முரடு, பேச்சும் முரடு. எனக்கு ஒரு நப்பாசை.

"அண்ணே, இந்தம்மாவுக்குப் பூர்வீகம் உங்க ஊருதானாம். சிலோன்லருந்து வந்திருக்கு. அழகுமலைங்கிறவரு மகளாம். தெரியுமா? ஒரு கையெழுத்து இல்லாம மூணு நாளா அலையுது. இன்னைக்கு விட்டா கடன் போயிரும்."

கோட்டைச்சாமி அந்தம்மாவை ஏற எறங்கப் பார்த்தாரு. உத்தரவை வாங்கிப் பார்த்தாரு.

"எந்த அழகுமலை? கப்பலேறிப் போன அழகுமலையா?"

அந்தம்மா பதில் சொல்ல வாயெடுத்துச்சு. அதுக்குள்ள ஆரம்பிச்சுட்டாரு.

"அந்தக் களவாணிப்பய மகளா நீயி? கூட்டுக் கெணத்த அடமானம் வச்சுத் தின்னுட்டுப் போனவனாச்சே. பெத்த ஆத்தா செத்ததுக்குக்கூட எட்டிப் பாக்கலையே. இப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வந்து நிக்கிற?"

பணம் கட்ட வந்த சுப்புத்தாய், "பொம்பளப் பிள்ளையப் போயி இப்பிடியா வையுறது"ன்னு முணுமுணுத்துச்சு. ஏண்டா இந்த மனுசன்கிட்ட வாயைக் கொடுத்தோம்னு ஆயிருச்சு எனக்கு. சந்திரவல்லி முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டுத் தேம்புச்சு. எதுத்து ஒரு வார்த்தை பேசல.

சத்தம் கேட்டு மேனேஜரு வெளிய வந்தாரு.

"என்னய்யா இது, பேங்கா சந்தையா?"

"நீங்களே கேளுங்க சார். இவ எஞ் சித்தப்பன் மக. முப்பது வருசமா ஒரு கடுதாசி போடாத வகையறா. இன்னைக்கு எங் கையெழுத்து வேணுமாம்."

"இவங்கதான்னு நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியாம என்ன? அப்பன் மூக்க அப்பிடியே உரிச்சு வச்சிருக்காளே."

மேனேஜரு சிரிச்சுட்டாரு. அவரு வழக்கமாக் கேக்குற கேள்வி ஒண்ணுகூட அன்னைக்குக் கேக்கல. "பெரியவங்க சண்டைக்கு இந்தம்மா என்ன செய்யும்? சொந்தக்காரங்களுக்குள்ளதான் இம்புட்டுக் கோவம் வரும். போட்டு விடுங்க." பாரத்தை அவரே எடுத்து நீட்டுனாரு.

"நீங்க சொல்றீகன்னு போடுறேன். இதோட இவளுக்கும் எனக்கும் ஒண்ணும் இல்ல." கையெழுத்தைப் போட்டுட்டு, துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு அந்த மனுசன் போயிட்டாரு. வந்த சோலியைக்கூடப் பாக்கல.

நான் வெரசாப் பாஸ்புக்கை எழுதிக் கொடுத்தேன். மனசு கேக்கல.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. உங்கப்பா செஞ்சதுக்கு உங்கள இப்பிடி வஞ்சது பாவம்தான்."

சந்திரவல்லி கண்ணைத் தொடைச்சுக்கிட்டு லேசாச் சிரிச்சுச்சு.

"எங்கப்பா ஒண்ணும் செய்யலைங்கய்யா. அவரு அனாதை. ஒம்பது வயசுல, பஞ்சத்துல, தோட்டத்துக்கு ஆள் பிடிக்க வந்த கங்காணி கூடக் கப்பலேறுனவரு. அவருக்குக் கெணறு ஏது, அண்ணன் தம்பி ஏது?"

அப்ப அந்த வசவெல்லாம் மேனேஜரு கொடையாம இருக்கத்தானா? கோட்டைச்சாமி போன வாசலையே பார்த்தேன்.

"பெறகு எதுக்கும்மா அப்பிடி அழுதீங்க?"

"கப்பல்லருந்து வந்து எறங்குன மண்டபம் முகாமுலருந்து இந்த பேங்கு வரைக்கும் எல்லாரும் மரியாதையாத்தான் கேட்டாங்க, நீங்க யாருன்னு. எங்க வீட்டுப் பிள்ளைன்னு சொல்லி ஏசுனது, அந்த அண்ணன் ஒருத்தருதாங்கய்யா."