எட்டுக் கதிர் பார்ட்டி

வாய்க்காலில் தண்ணீர் திறக்கப்போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பியதிலிருந்து வரப்பில் பாதி வளைகள் விலைக்கு வந்துவிட்டன. வாங்கத்தான் ஆளில்லை. எலியாரும் தன் வளைக்குப் பத்து நெற்கதிர் விலை சொல்லி ஒரு மாதமாகக் காத்திருந்தார். விற்றதும் மேட்டுக்குப் போய்விடுவதாக இருந்தார்.

கடைசியில், ஈரத்துக்கு அஞ்சாத நண்டு ஒன்று வந்து உள்ளே சுற்றிப் பார்த்தது.

"வாசல் தெற்குப் பார்த்து இருக்கு. மூணு கதிர் தரேன்."

எலியாருக்குச் சுருக்கென்றது. "பக்கவாட்டுல நடக்கிறவருக்கு வாசல் எந்தப் பக்கம் இருந்தா என்ன? நேத்து ஒரு பார்ட்டி எட்டுக்குக் கேட்டார். நான்தான் பிடி கொடுக்கலை."

அப்படி யாரும் வரவில்லை.

"எட்டா? நல்ல விலை, விட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டு நண்டு போய்விட்டது.

எலியார் இதை அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் சொன்னார். நாலாவது வீட்டில் சொல்லும்போது அந்தப் பார்ட்டிக்கு முறுக்கு மீசை இருந்தது; கல்யாண வயதில் ஒரு மகளும் இருந்தாள்.

வெள்ளிக்கிழமை தண்ணீர் வந்தது. நண்டும் வந்தது.

"மூணு இன்னும் இருக்கு."

வாசலில் ஏறிய தண்ணீரை வாலால் தள்ளிக்கொண்டே எலியார் சொன்னார்: "கொஞ்சம் ஓரமா நில்லுங்க. அவர் குடும்பத்தோட வர்ற நேரம்."