இரண்டாவது காவல்

வீட்டுக் கணினியோடு வந்த, போன்களையும் பார்த்துக்கொள்ளும் காவல் மென்பொருளே போதும் என்றுதான் பூங்கோதை சொன்னாள்.

"இனாமா வர்றது எந்த லட்சணத்துல இருக்கும்?" என்றார் மகுடபதி.

"இத்தன நாளா அதுதானுங்களே காப்பாத்துச்சு?"

அவர் கேட்கவில்லை. வேறு கம்பெனியின் காவலை வாங்கிக் கணினியிலும் இருவர் போனிலும் போட்டார். புதியது உள்ளே வந்ததும் பழையது தானாக ஒதுங்கிக்கொண்டது. இப்போதெல்லாம் யார் குரலையும் போலியாக உருவாக்கி யாரும் கூப்பிடலாம். புதிய காவலோ, வருகிற அழைப்பானாலும் போகிற அழைப்பானாலும், பழகின குரலிலிருந்து இம்மி பிசகினாலும் போலி என்று தடுத்துவிடும்.

மதியம் மில் கேன்டீனில் இருந்தபோது அவர் போனில் செய்தி வந்தது.

'உங்கள் மனைவி குரலில், அழுகையோடு போலி அழைப்பு: "வழுக்கி விழுந்துட்டேனுங்க, எந்திரிக்க முடியல." தடுக்கப்பட்டது.'

"பாத்தீங்களா? என் சம்சாரம் அழுது நான் கேட்டதே இல்லீங்க. பழசா இருந்தா இதை உள்ளே விட்டிருக்கும்" என்று எல்லோரிடமும் காட்டிச் சிரித்தார். சாயங்காலத்துக்குள் அதே செய்தி பலமுறை வந்தது. ஒவ்வொரு முறையும் அவருக்குப் பெருமை கூடியது.

அவளிடமே காட்டிவிட வேண்டும் என்று போனை நீட்டியபடியே வீட்டுக்குள் நுழைந்தார்.

"பாத்தியா கோதை..."

குளியலறை வாசலில் அவள் கிடந்தாள். தலைக்கடியில் ரத்தம் உறைந்திருந்தது. கையில் போன் இருந்தது. மூச்சு மட்டும் மெல்ல ஓடிக்கொண்டிருந்தது.

மகுடபதி ஆம்புலன்ஸை அழைத்தார். "சீக்கிரம் வாங்க... என் சம்சாரம்..." அதற்குமேல் பேச முடியாமல் கதறினார்.

மறுமுனை சட்டென்று அடங்கியது. போன் திரை ஒளிர்ந்தது.

'மகுடபதி குரலில் போலி அழைப்பு. தடுக்கப்பட்டது.'