எத்தனை கோடு

உடம்பு இளைக்க வாங்குன மருந்துப் பொடியில தண்ணிய ஏத்திட்டான் அமல்தாஸ். இப்ப இந்தச் சின்ன ஊசியில எத்தனை கோடு வரைக்கும் இழுக்கணும்னு தெரியல. ரூம்ல யாரும் இல்லாத நேரம் பாத்து, ஊர்ல நர்ஸா இருக்குற தங்கச்சி லீமாவுக்குப் போன் போட்டான்.

"உடம்பு இளைக்கிற ஊசிக்கு எத்தனை கோடு இழுக்கணும்னு கூட இருக்குற ஒரு பையன் கேக்கான் லீமா. பத்து மில்லிகிராம் பொடி, ரெண்டு மில்லி தண்ணி."

"ஏன், அவனுக்கு வாய் இல்லையாக்கும்? குலுக்காம உருட்டிக் கரைக்கச் சொல்லு."

இவன் கையில குப்பி நுரைச்சுக் கெடந்துச்சு.

"கோடு அப்புறம் சொல்லுதேன். அவன் என்ன எடைண்ணே?"

நூத்திப் பதினாலுன்னு நாக்கு நுனிவரைக்கும் வந்துச்சு. மாப்பிள்ளை ரொம்பப் பருமன்னு பொண்ணு வீட்டுல போட்டோவத் திருப்பிக் குடுத்தப்ப, கை நீட்டி அத வாங்குனவ இவதான்.

"எழுபத்தெட்டு."

"எழுபத்தெட்டுக்கு எதுக்குண்ணே இந்த ஊசி?"

போன்ல அவளுக்குத் தெரியாதுன்னு தெரிஞ்சும், பனியன இழுத்து வயித்த மூடுனான். அப்புறம் லீமா குரலத் தணிச்சுக் கேட்டா.

"அந்தப் பையன் மத்தியானம் ஏதாச்சும் சாப்பிட்டானாண்ணே?"